ஒரு ஜோடி ஒன்பது

நான் வளனுக்குத் தர வேண்டியிருந்தது ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து முந்நூறு ரூபாய். அதில் முந்நூறு ஒரு ஜோடி செருப்புக்கு. மீதி சீட்டாட்டத்துக்கு. செருப்பு இன்னும் உழைக்கிறது.

ஐயா, வளன் இறந்த அன்று நீங்கள் ஸ்டேஷனில் என்னிடம் கையெழுத்து வாங்கிய தாளில், கடலில் மூச்சுத் திணறி இறந்தார் என்று இருந்தது. நான் நாற்பது வயதில் என் தங்கை மெட்டில்டாவிடம் எழுத்துப் படித்தவன். எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அதில் பொய் எதுவும் இல்லை. விட்டுப்போனதை மட்டும் இப்போது எழுதுகிறேன்.

வளன் மெட்டில்டாவின் புருஷன். சங்கு எடுக்க முங்குகிறவன். நான் வள்ளத்தில் உட்கார்ந்து அவனுக்குக் கயிறு பிடிக்கிறவன். எங்கள் பக்கத்தில் முங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியோடு பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்பார்கள். முத்துக் குளித்த காலத்திலிருந்தே அப்படித்தான். கூடப் பிறந்தவளை எவனும் தாலியறுக்க விடமாட்டான் என்று ஒரு கணக்கு. இப்போது கம்ப்ரசர் மெஷின் வந்து, ஓஸ் குழாய் வழியாகக் காற்று போகிறது. அதை வாயில் கவ்விக்கொண்டு ஒரு மணி நேரம் கீழே கிடக்கலாம். கயிறு மட்டும் மாறவில்லை. ஒரு இழுப்பு என்றால் கயிற்றைத் தளர்த்து. இரண்டு என்றால் சங்குப் பையைத் தூக்கு. மூன்று என்றால் ஆளைத் தூக்கு.

அந்த ஒரு மணி நேரம் மேலே இருப்பவனுக்குப் பெரிதாக வேலை இல்லை. நான் போனில் போக்கர் ஆடக் கற்றது அப்படித்தான். அப்போது அதற்குத் தடை கிடையாது.

உங்களுக்கு ஆட்டம் தெரியாமல் இருக்கலாம். நம் கையில் இரண்டு சீட்டு, நமக்கு மட்டும். நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொது. முதலில் மூன்று திறக்கும், பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. ஒவ்வொரு முறையும் பணம் கட்டலாம். கட்டாமல் ‘செக்’ கொடுத்துவிட்டுச் சும்மாவும் இருக்கலாம். நல்ல கை என்றால் கட்ட வேண்டும், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. மோசமான கையிலும் சில சமயம் கட்டலாம், எதிராளியை மிரட்டி விரட்ட. நடுத்தரக் கைதான் மனிதனைப் பாடாய்ப் படுத்தும். அதில் கட்டினால் நம்மைவிட மட்டமானவன் சீட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவான். பெரிய கை வைத்திருப்பவன் மட்டும் நிற்பான். அதனால் நடுத்தரக் கைக்கு செக்தான் சரி. ஒன்றும் செய்யாமல் அடுத்த சீட்டு என்ன என்று பார்க்க வேண்டும். இதைப் படித்துக்கொள்ள எனக்கு அவ்வளவு பணம் ஆயிற்று. அதுவரை எல்லாக் கைக்கும் கட்டிக்கொண்டிருந்தேன்.

பணம் வளனுடையது. சங்கு வாங்கும் தங்கப்பாண்டி அண்ணாச்சியிடம் வாராவாரம் போய்த் துட்டு வாங்கி வருவது நான். பாதியை மட்டும் வளனிடம் கொடுத்துவிட்டு, மாடி கட்டுவதற்காக மீதியை அண்ணாச்சியிடமே விட்டு வைத்திருக்கிறேன் என்று சொல்லி வந்தேன். ஒரு புதன்கிழமை வளன் கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு போய் அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டான்.

சாயங்காலம் வள்ளத்தடியில் என்னைப் பிடித்தான். சத்தம் போடவில்லை.

“ஏன் மச்சான், கடல்ல முங்குதவன் நான். மூச்சு முட்டி நிக்கது நீயா?”

“தந்துருதேன் மச்சான்.”

“எத வச்சு? அந்தப் போன வச்சா?” சிரித்தான். “எனக்கு மாடி கட்டச் சொன்னா, மொகம் தெரியாத எவனுக்கோ மாளிக கட்டிக் குடுத்துருக்க. நல்ல கொத்தன்தாம்டே நீ. ஞாயித்துக்கெழம பூச முடியட்டும், மெட்டில்டாட்ட பேசணும். இத இப்படியே விட முடியாது.”

போனில் ஆடிப் பழகியவனுக்கு ஒரு கெடுதல் உண்டு. அங்கே எதிராளிக்கு முகம் கிடையாது. ஒரு வட்டம், ஒரு பெயர், அவ்வளவுதான். வளன் எதற்குச் சிரித்தான் என்று எனக்குப் பிடிபடவில்லை. பெரிய கை வைத்திருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். மெட்டில்டாவுக்குத் தெரிந்தால் என்னை வாசல்படி ஏற விடமாட்டாள். என் பெண்டாட்டி போன பிறகு நான் படுப்பது அவள் வீட்டில், சாப்பிடுவது அவள் கையால். எனக்கு வேறு இடம் இல்லை.

வெள்ளிக்கிழமை, வள்ளம் ஓட்டும் ஷாம் ஒரு கல்யாணத்துக்குப் பெரியதாழை போய்விட்டான். நாளைக்குப் போவோம் என்றான் வளன். கடல் நன்றாக இருக்கிறது, நாம் இரண்டு பேர் போதும் என்றேன் நான். கடல் நன்றாகத்தான் இருந்தது.

வான்தீவைத் தாண்டி எட்டுப் பாக ஆழத்தில், ஏறக்குறைய ஐம்பதடியில், நங்கூரம் போட்டோம். மெஷினில் டீசல் குறைவாக இருந்தது. கேனில் ஐந்து லிட்டர் இருந்தது, என் முழங்காலுக்குப் பக்கத்தில். வழக்கமாக அவன் இறங்கும் முன்பே ஊற்றிவிடுவேன். அன்றைக்கு மட்டும், பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். வளன் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, “போன ரொம்ப நோண்டாத மச்சான், சார்ஜ் போயிரும்” என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

எனக்கு ஒரு ஜோடி ஒன்பது வந்தது. நடுவில் ஒரு ராணி, ஒரு ஏழு, ஒரு மூன்று. கையில் ஒரு ராணி வைத்திருப்பவன் ராணி ஜோடியால் என்னை அடித்துவிடுவான். அசல் நடுத்தரக் கை. செக் கொடுத்தேன். எதிராளியும் செக் கொடுத்தான்.

அப்போது மெஷின் இருமியது. பிறகு நின்றது. நின்றதும், போனில் சீட்டு விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

டீசலை ஊற்றினால் மெஷின் ஓடும். வளன் மேலே வருவான். ஞாயிற்றுக்கிழமையும் வரும். நான் ஒன்றும் செய்யவில்லை. நாலாவது சீட்டு ஒரு இரண்டு. செக்.

கயிறு இழுபட்டது. இரண்டா மூன்றா என்று சந்தேகமாக இருந்தது என எழுதலாம் என்று நினைத்திருந்தேன். சந்தேகம் இல்லை, மூன்றுதான். மறுபடியும் மூன்று. விருட்டென்று மேலே வந்தால் கைகால் விழுந்துவிடும் என்று முங்குகிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு. அதனால் கயிற்றை இழுத்துவிட்டு, மேலே இருப்பவன் நிதானமாகத் தூக்குவான் என்று காத்திருப்பார்கள். வளனும் காத்திருந்தான். என் இடது கையில் கயிறு, வலது கையில் போன். கடைசிச் சீட்டு ஒரு ஐந்து. செக்.

எதிராளியின் சீட்டு திறந்தது. அவனிடம் ஒன்றுமே இல்லை. என் ஒன்பது ஜோடி ஜெயித்தது. நூற்று இருபது ரூபாய்.

கயிறு சும்மா கிடந்தது. அதற்குப் பிறகு டீசலை ஊற்றி மெஷினை ஓட்டினேன். அதனால்தான் நீங்கள் பார்த்தபோது மெஷினில் ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு அவனைத் தூக்கினேன். மிதக்காமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த ஈயப் பட்டையைப் பாதி அவிழ்த்திருந்தான்.

ஏழாம் நாள் பூசை முடிந்து, மெட்டில்டா எனக்கு முன்னால் காப்பியை வைத்தாள்.

“அண்ணே, அந்த மாடித் துட்டு சங்கதி எனக்குத் தெரியும்.”

தம்ளரை என் பக்கம் நகர்த்தினேன்.

“ஞாயித்துக்கெழம சொல்லணும்னு இருந்தவரு, பொறுக்க மாட்டாம வியாழக்கெழமையே சொல்லிட்டாரு. ‘ஏளா, ஒங்கண்ணங்கிட்ட அந்தத் துட்டக் கேட்டுராத. கேட்டா வெக்கப்பட்டு எங்கயாவது போயிருவான். வேற எவன் கயிறு புடிச்சாலும் எனக்குக் கீழ பயமாருக்கும்’னாரு.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நீ ஒண்ணும் தர வேண்டாம். அது போச்சு. காப்பி ஆறுது, குடி.”

குடித்தேன்.

ஆக, அந்தக் கடன் அவன் முங்குவதற்கு முந்தின நாளே தள்ளுபடியாகியிருக்கிறது. வெள்ளிக்கிழமை கரையிலிருந்து வான்தீவு வரை என் எதிரில் உட்கார்ந்து வந்தவன் அதைச் சொல்லவில்லை. வெயிலைப் பற்றிப் பேசினான். பிள்ளைகளைப் பற்றிப் பேசினான்.

ஐயா, டீசல் ஊற்றாதது நான். கயிற்றைத் தூக்காததும் நான். வளனைக் கொன்றவன் நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வள்ளத்தில் வைத்து அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், முதல் இழுப்பிலேயே தூக்கியிருப்பேன். சொல்லாமல் இறங்கியது அவன் பிழை. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.