சோப்புத் தொழிற்சாலையின் மேல்தளம் விற்பனைக்கு

டீ நன்றாக இருந்தது, சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, டீ போட்டது நீங்கள் இல்லையே.

மறைக்காமல் சொல்கிறேன். வீட்டை விற்கப் போவதாகத் தம்பி சொன்னபோது நான் கோபப்படவே இல்லை. பழைய சோப்புத் தொழிற்சாலையை வீடு வீடாகப் பிரித்து விற்றபோது மேல்தளத்தை அவன் வாங்கினான். வாங்கியது அவன், அதை வீடாக்கியது நான். பிசுக்கேறிக் கிடந்த தரையை முட்டி தேயத் தேய்த்தது இந்தக் கைகள்தான். "உனக்கு ஒரு நல்ல ஹாஸ்டல் பாத்து வச்சிருக்கேன்க்கா. சாப்பாடு ரூமுக்கே வந்துடும்" என்றான். கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளாமல் அவனை வளர்த்தவளுக்கு ஹாஸ்டல். வயிறு எரிந்தது, சார். ஆனாலும் கோபம் இல்லை.

வருகிறவர்களுக்கு வீடு பிடிக்காமல் போனால் போதும் என்று நினைத்தேன். முதலில் சுவரில் சுத்தியலால் நாலு போடு போட்டேன். காரை பெயர்ந்து செங்கல் பல்லை இளித்தது. மறுநாள் தரகர் ஒரு இளம் ஜோடியைக் கூட்டிவந்தார். அந்தப் பெண் செங்கலைக் கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல் தடவினாள். "ஐயோ, எவ்ளோ அழகா இருக்கு! இதை அப்படியே விட்டுடலாம்."

சரி என்று இரும்புத் தூண்களில் உப்புத் தண்ணீர் தெளித்து வந்தேன். நன்றாகவே துரு பிடித்தது. அடுத்த முறை வந்தபோது அவள் புருஷன் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டான். கடைசியில் வாயைத் திறந்தேன். "ராத்திரியில குழாயெல்லாம் முனகும்மா. பச்சப்புள்ள அழுற மாதிரி இருக்கும்."

"பழைய கட்டடம்னா அப்படித்தான் இருக்கணும், ஆன்ட்டி" என்றான் அவன். தரகர் அன்றைக்கே விலையை ஏற்றிவிட்டார். நான் பாழாக்கப் பாழாக்க வீட்டுக்கு மவுசு கூடியது. "எல்லாம் உன் ராசிதான்க்கா" என்று தம்பி என்னைக் கட்டிக்கொண்டான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வாங்க வருகிறவர்களைத் திருத்த முடியாது என்று அப்போதுதான் புரிந்தது. விற்கிறவன் ஒருத்தன்தானே.

சாமான் ஏற்றுகிற பழைய லிஃப்ட் நேராக எங்கள் கூடத்தில் வந்து நிற்கும். அதன் பூட்டு கெட்டுப்போயிருந்ததால், பெட்டி கீழே இருந்தாலும் மேலே கம்பிக்கதவு திறக்கும். அதைச் சரிபண்ணச் சொல்லித் தரகரிடம் கத்தியதே நான்தான், கேட்டுப்பாருங்கள். திரைச்சீலை தைக்க ஜன்னல் முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று அந்த ஜோடி கேட்டிருந்தார்கள். தம்பி போனைத் தூக்கிப் பிடித்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் முதுகுப் பக்கம் போய்க் கம்பிக்கதவைத் திறந்துவைத்தேன், கொஞ்சம் காற்று வரட்டும் என்று. கதவுக்கு முந்தின நாளே எண்ணெய் போட்டிருந்தேன். கிறீச்சென்ற சத்தம் எனக்கு ஆகாது.

"ஜன்னல் முழுசா வராதுடா. இன்னும் கொஞ்சம் பின்னால போ" என்றேன். போனான்.

"இன்னும் கொஞ்சம்."

சின்ன வயதிலிருந்தே என் பேச்சைத் தட்டாத பிள்ளை.

கொன்றாயா என்று கேட்டால், ஆமாம், கொன்றேன். ஆனால் என் விரல்கூட அவன்மேல் படவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன், சார். தம்பி இல்லாத வீடு. யாராவது ஒருத்தர் கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டுமல்லவா?