ராசியான காந்தம்

— எலக்ட்ரான் அடர்த்தின்னு நீ வாயைத் திறந்ததுமே பாதிப் பேர் வேற ஸ்டேஷனுக்குப் போயிடுவாங்க அண்ணா. மறுபடியும் சொல்லிப் பாரு. நேரலை நிகழ்ச்சி, அப்புறம் வெட்டி ஒட்ட முடியாது.

— போகட்டுமே! பாத்திரம் கழுவிக்கிட்டே ரேடியோ கேக்கறவங்களுக்குக் கெமிஸ்ட்ரி எதுக்கும்மா? லேப்லயே உசிரைக் கொடுத்து உழைச்சவன் நான். உன் ஸ்டூடியோவுல உக்காந்து கதை சொல்லணுமாக்கும்.

— அடேங்கப்பா! நாளைக்கு மேடை, மந்திரி, பாராட்டுன்னதும் இன்னைக்கே தலை கனத்துப்போச்சு. போன வாரம் பிளாஸ்டிக்கைத் தின்னுற கிருமியைப் பத்தி ஒருத்தர் பேசினார். சின்னப் பசங்ககூட போன் பண்ணிக் கேள்வி கேட்டாங்க.

— அவனா? அவன் ஆராய்ச்சியே கோமாளி வேலை. போன் வராம என்ன பண்ணும்?

— உலகத்துல உன்னைத் தவிர எல்லாரும் கோமாளிதான். சரி, என்னத்தைக் கண்டுபிடிச்சே? என்கிட்ட சொல்ற மாதிரி சொல்லு.

— உன்கிட்டயா? பத்தாவதுல கெமிஸ்ட்ரியில நீ வாங்கின மார்க்கை நான் இன்னும் மறக்கல.

— எனக்குச் சொல்லிக்கொடுத்தது யாருன்னும் மறக்காதே.

— ம்... கேளு. ஒரு மருந்து செய்யணும்னா ரெண்டு துண்டை ஒண்ணா ஒட்டணும். அதுங்களா ஒட்டாது. பல்லேடியம்னு ஒரு உலோகம், யானை விலை. அதைக் கொஞ்சம் போட்டா ஒட்டும். நான் அந்த உலோகமே இல்லாம ஒட்ட வெச்சேன். வேற எவனும் செய்யல. புரியுதா?

— அந்த உலோகம் உள்ள போய் என்னதான் செய்யும்?

— ரெண்டையும் கிட்டக் கொண்டுவரும், சேர்த்து வைக்கும், விலகிடும்.

— வீட்டுத் தரகர் மாதிரின்னு சொல்லேன்.

— தரகரா! வினையூக்கின்னு எவ்வளவு அழகான வார்த்தை இருக்கு, தரகராம். சரி, உன் அறிவுக்குத் தரகர்னே வெச்சுக்கோ.

— ஒரு தரகர் எத்தனை பேரம் முடிப்பார்?

— கணக்கே இல்ல. அவர்தான் தேயறதே இல்லையே. தூசி அளவு இருந்தாப் போதும், குடுவை முழுக்க வேலையை முடிச்சிடுவார். புரியுதா?

— அப்போ நீ போடாமலே, தூசி மாதிரி அவர் உள்ள வந்திருந்தா?

— ஏம்மா, என்னைப் பார்த்தா கேனையன் மாதிரி இருக்கா? போடற ஒவ்வொரு பொடியையும் சோதிச்சாச்சு. திரவத்தையும் சோதிச்சாச்சு. துளி உலோகம் கிடையாது. பெரிய ஆராய்ச்சிப் பத்திரிகையில அச்சாயிடுச்சு. இப்போ நீ வந்துட்டே என்னைக் கேள்வி கேக்க!

— கோவிச்சுக்காதே. வேற யாராவது செஞ்சு பார்த்தாங்களான்னு கேப்பாங்க. அதுக்கு என்ன சொல்லுவே?

— என் லேப்லயே ஒரு ஆராய்ச்சி மாணவி செஞ்சா. வரல. "சார், எத்தனை தடவை செஞ்சாலும் ஒட்ட மாட்டேங்குது, உங்க முறையிலதான் ஏதோ தப்பு"ன்னு என் முகத்துக்கு நேரா சொல்றா! உனக்கெல்லாம் கை வராது, வீட்டுக்குப் போன்னு அனுப்பிட்டேன். அழுதுக்கிட்டே போனா. அந்தத் திமிருக்கு அதுதான் மருந்து.

— அடப்பாவி! ஒரு பொண்ணோட படிப்பை ஒத்தை வார்த்தையில முடிச்சுட்டியா? உன் கைக்கு வருது, அவ கைக்கு வரலன்னா அப்படி என்ன மந்திரக் கை உன்னுது? அவ எதை மாத்திச் செஞ்சா?

— எதையும் மாத்தல. அதே பொடி, அதே சூடு, அதே நேரம்.

— எதை வெச்சுக் கலக்குனா? கரண்டியா?

— கரண்டியாம், கடவுளே! மாத்திரை அளவுல ஒரு காந்தம் இருக்கும், மேல வெள்ளை பிளாஸ்டிக் உறை. குடுவைக்குள்ள போட்டா, கீழ இருக்கற மெஷின் அதைச் சுத்த வைக்கும். அவ புதுசு ஒண்ணைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டா.

— நீ?

— நான் எப்பவும் என்னோட காந்தம்தான். ராசியானது. அது இல்லாம நான் எந்த வேலையும் ஆரம்பிக்க மாட்டேன். அடுத்தவங்களைத் தொடவும் விடமாட்டேன்.

— வினையூக்கி, அடர்த்தின்னு முழங்கற ஆளுக்கு ராசி வேற! நல்லா இருக்கு போ. அதுவும் வெள்ளை வெளேர்னு இருக்குமா?

— வெள்ளை எங்க? கறுத்துக் கிடக்கும். கீறல் விழுந்த பிளாஸ்டிக், பழைய வேலையில படிஞ்ச கறை. எவ்வளவு கழுவினாலும் போகாது.

— பழைய வேலைன்னா?

— அதான், பல்லேடியம் போட்டு ஒட்டிக்கிட்டு இருந்தோமே, அப்போ...

— ஏன் நிறுத்திட்டே? அண்ணா?

— எல்லாத்தையும் சோதிச்சேன்மா. காந்தத்தைச் சோதிக்கல.

— அப்போ அந்தத் தரகர் கீறலுக்குள்ளயே உக்காந்திருந்தாரா?

— உக்காந்திருந்திருக்கார். அவ போட்டது புதுக் காந்தம், அதுல அவர் இல்ல. அதனாலதான் அவளுக்கு ஒட்டல. நிகழ்ச்சியை நிறுத்தும்மா. எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடு.

— தாராளமா. பாட்டுப் போட்டுடறேன். நாளைக்குப் போய் மேடையில உக்காந்துக்கோ. அங்க இருக்கறவங்க யாரும் எதை வெச்சுக் கலக்குனேன்னு கேக்க மாட்டாங்க. எல்லாரும் பெரிய மனுஷங்க, பாத்திரம் கழுவறவங்களா என்ன?

— குத்திக் காட்டாதே.

— குத்தாம? அந்தப் பொண்ணு இப்போ எங்க இருக்கா?

— ஏதோ மருந்துக் கடையில நிக்கறான்னு சொன்னாங்க.

— மாத்திரை எடுத்துக் கொடுக்கறாளா? நல்லா இருக்கு உன் நியாயம்.

— போதும்மா. எனக்கே அசிங்கமா இருக்கு.

— சிவப்பு விளக்கு எரியப் போகுது. பாட்டா, நீயா? சீக்கிரம் சொல்லு.

— மைக்கை இந்தப் பக்கம் திருப்பு.

— நேயர்களுக்கு வணக்கம். இன்னைக்கு நம்மகூட ஒரு கெமிஸ்ட்ரி பேராசிரியர். சார், உங்க கண்டுபிடிப்பைப் பத்தி எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

— வணக்கம். கண்டுபிடிச்சது நான் இல்ல, என் லேப்ல இருந்து நான் துரத்தின ஒரு பொண்ணு. அவ கண்டுபிடிச்சது என்னன்னா, நான் எதையுமே கண்டுபிடிக்கலைங்கறது.