ரெண்டு வெரக்கடை எறக்கம்

கையத் தளர வுடும்மா. மூச்சு புடிச்சிகினு நின்னா அளவு தப்பா வரும், அப்புறம் முகூர்த்தத்துல மூச்சு வுட முடியாம முழிப்ப. ம், அப்டித்தான்.

பஃப் கை வேணுமா? வேணாம்மா, கோவிச்சிக்காத. உனக்குத் தோளு அகலம். அதும்மேல பஃப் வெச்சா பட்டாளத்துக்காரன் மாரி இருக்கும். அதெல்லாம் தோளு ஒடுங்கின பொண்ணுங்களுக்கு. கை பருத்த பொம்பளைங்க வந்து, குட்டைக் கை வையி, காத்தோட்டமா இருக்கும்பாங்க. குட்டையா வெச்சா இறுக்கிப் புடிச்சி, கீழ சதை பிதுங்கும். முழங்கை வரைக்கும் எறக்கி லேசாத் தளத்தி வுட்டா பாதி ஒடம்பு எளச்ச மாரி தெரியும். குள்ளமா இருக்கிறவங்களுக்கு பட்டுக் கரைய முழுசா வெச்சிடக் கூடாது, கையே காணாமப் பூடும். அதுக்குன்னு கரைய வெட்டவும் மாட்டேன். மடிச்சி உள்ள வுட்டுத் தெப்பேன். ஆரணில அப்டித் தெக்கிறவ நான் ஒருத்திதான்.

ஓ, அத வெச்சித்தான் கண்டுபுடிச்சியா? அன்னிக்கு பஸ்ஸுல பக்கத்துல ஒக்காந்த அம்மா, நீ போட்டிருந்த ஜாக்கெட்டப் பாத்துட்டு, இது ஆரணி கமலம் தெச்ச கையின்னு சொன்னாங்களா? என் வேலையே உனக்கு வழி காட்டிடுச்சி பாரேன்.

கட்டிக்கப் போறவருகிட்ட சொல்லாம வந்தியா. ஜாக்கெட்லாம் அவரு தெக்க வெச்சி எடுத்தாந்து குடுத்தது, ஆனா யாரு தெச்சதுன்னு கேட்டா மட்டும் சிரிச்சே மழுப்பிடுவாரா. சரி, மாப்ளைக்கு இன்னா வேல? பட்டுப்பொடவ மூட்டைய எடுத்துகினு ஊரூராப் போறவரா. உங்க சேத்துப்பட்டுக்கு வாரா வாரம் வருவாரா. ஆரணில வூட்டுல யாருமே இல்லன்னாரா.

ஒண்ணும் இல்லம்மா. டேப்பு நழுவிடுச்சி. நீ ஒக்காரு. நானும் சித்த ஒக்கார்றேன்.

எங்க வூட்டுக்காரரும் பொடவ யாவாரந்தான். போன வருசம் ஒரு அளவு ஜாக்கெட் எடுத்தாந்து குடுத்தாரு. சேத்துப்பட்டுல ஒரு பெரிய எடத்து அம்மா, நம்மகிட்ட நெறையப் பொடவ எடுக்கிறவங்க, கவனமாத் தெச்சிக் குடுன்னாரு. நான் மூஞ்சியே பாக்காத ஒடம்பு. ஆனா அளவப் பாத்தாலே எனக்குத் தெரியும், தோளு அகலம், கை ஒல்லி. இவங்களுக்கு பஃப் ஆவாதுன்னு நானே முடிவு பண்ணி, பாத்துப் பாத்துத் தெச்சேன். போட்டுப் பாத்தாங்களாம், அவ்ளோ அழகா இருந்துதாம். அவரு வந்து அத சொல்றப்ப எனக்குத் தலகால் புரியல. பைத்தியக்காரி, இன்னும் ஒண்ணு தெச்சித் தரட்டான்னு நானே கேட்டேன். என் கையே என் கண்ணக் குத்திகினு இருந்திருக்குது.

தீவாளிக்கு இன்னொரு துணி எடுத்தாந்தாரு. இந்த வாட்டி கைய ரெண்டு வெரக்கடை எறக்கி வையின்னாரு. ஏன்னு கேட்டேன். எடது கையில, முழங்கைக்கு மேல சூடு பட்ட தழும்பு இருக்குது, அது தெரியக் கூடாதுன்னாரு. அந்தம்மா சொல்லி அனுப்பிச்சிருப்பாங்கன்னு நெனச்சிகினேன். வேற இன்னா நெனப்பேன் சொல்லு, தாலி கட்டினவரு ஆச்சே. எறக்கித் தெச்சிக் குடுத்தேன். நீ அளவுக்குன்னு பையில எடுத்தாந்திருக்கியே பச்ச ஜாக்கெட்டு, அதுதான்.

அழாதம்மா. உன்ன நான் ஒண்ணும் சொல்லல. உன்னையும்தான் நம்ப வெச்சி கழுத்தறுத்திருக்காரு. எனக்கு வவுறு எரியுது, ஆனா உன்மேல இல்ல.

அந்தச் சுடிதார் கையக் கொஞ்சம் மேல தூக்கு. எடது கை. ஆமா, அதே எடந்தான்.

இந்தா, என் கையப் பாரு. கல்யாணமான புதுசுல, அவரு சட்டைக்கு இஸ்திரி போடறப்ப சுட்டுக்கினது. உன்னுதவிட பெருசு. அடுத்த வாட்டி வர்றப்ப நீ அவரக் கேட்டுப் பாரு, கமலத்துக்குத் தழும்பு எந்தக் கையிலன்னு. இத்தினி வருசம் ஒரே வூட்டுல இருந்தோம், அவருக்குத் தெரியாதும்மா.