பட்டன் தேயாத டயர்

டயருக்கும் வயதாகும் என்பதை நம் ஆட்கள் யாரும் ஒத்துக்கொள்வதில்லை, சார். மேலே பட்டன், அதாவது தரையில் பதியும் ரப்பர் கட்டை, தேயவில்லை என்றால் டயர் புதுசு. அவ்வளவுதான் அவர்கள் அறிவு. ஓடாமல் நின்றாலும் ரப்பர் வெயிலில் காய்ந்து வெடிப்பு விடும் என்று சொன்னால் பல்லைக் காட்டுவார்கள்.

சென்னை பாடியில் ஒரு டயர் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கள்ளிக்குப்பத்தில் எனக்கு எதிர்வீடு ஃபெலிக்ஸ். பழைய கார் ஒன்றை வாங்கி, வாசலில் வெயிலில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் எடுப்பான். மற்ற நாளெல்லாம் துடைத்துக்கொண்டிருப்பான். துணி பிடிக்கத் தெரிந்தவனெல்லாம் வண்டிக்காரன் என்று ஆகிவிட்டது.

போன கோடையிலேயே டயரை மாற்றச் சொன்னேன். தெருவே கேட்கும்படி சிரித்தான்.

"பட்டன் அப்டியே கீது அண்ணாத்தே. ரிட்டயர் ஆயிட்டும் இன்னாத்துக்கு டூட்டி பாத்துகினு கீற?"

நின்றிருந்தவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காக நான் எதுவும் செய்யவில்லை. அதை நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளலாம்.

வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் காரிலேயே போவதென்று முடிவு செய்தார்கள். கிளம்புவதற்கு முதல்நாள் மாலை அவன் மனைவி ஹெலினா என்னிடம் வந்தாள்.

"அண்ணா, பின்னாடி டயர்ல கோடு கோடா வெடிச்சிகீது. அவர கேட்டா திட்றாரு. நீங்க ஒரு தபா பாருங்க. நீங்க சொல்ட்டா நான் நிம்மதியா ஏறுவேன்."

போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். பக்கவாட்டில் வெடிப்பு வரிவரியாக ஓடியது. நகத்தை விட்டேன். உள்ளே போயிற்று, அடியில் டயரைத் தாங்கும் நூல் தட்டுப்பட்டது. ஆளும் மூட்டையும் ஏறி, நெடுஞ்சாலைச் சூட்டில் அது எவ்வளவு தூரம் தாங்கும் என்று எனக்குக் கிட்டத்தட்டத் தெரியும்.

ஃபெலிக்ஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "இன்னா அண்ணாத்தே, ஓகேவா?" என்றான், அதே சிரிப்போடு.

"பட்டன் அப்படியே இருக்குப்பா" என்றேன். அது பொய்யில்லை. ஹெலினாவிடம், "தாராளமா போய்ட்டு வாம்மா" என்றேன்.

பிறகு அவன் வைத்திருந்த கறுப்பு பாலிஷை வாங்கி, அந்த டயருக்கு நானே பூசிவிட்டேன். வெடிப்பெல்லாம் மறைந்து பளபளவென்று ஆகிவிட்டது. ஹெலினா கையெடுத்துக் கும்பிட்டாள்.

திண்டிவனம் தாண்டி டயர் கிழிந்து கார் உருண்டது. அவன் கால் முறிவோடு தப்பிவிட்டான். முட்டாள்களுக்கு ஆயுசு கெட்டி. ஹெலினா அங்கேயே போய்விட்டாள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் வெடிப்பைத் தன் கண்ணால் பார்த்தவள், அதற்கப்புறமும் இன்னொருவன் பேச்சைக் கேட்டு ஏறினால் நான் என்ன செய்ய?

நான் யாரையும் கொல்லவில்லை, சார். எந்த டயர் எங்கே கிழியும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஊர் போய்ச் சேர்ந்தாலும் சேர்ந்திருக்கும். மனதார அப்படித்தான் நம்பினேன்.

என் மகள் வித்யாவுக்கும் அந்தக் காரில் இடம் வைத்திருந்தார்கள். அவர்கள் கிளம்பிய அன்று விடிகாலையில் பையும் கையுமாக வாசலுக்கு வந்தவளை உள்ளே தள்ளி, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.