மேல எனக்கு

என் காரில் யாரும் எதையும் தின்னக் கூடாது. கட்டிக்கொண்டவளுக்கும் இதே சட்டம்தான். அவள் என்னைவிட்டுப் போனபோது சொன்ன காரணங்களில் இதுவும் உண்டு. ப்ரோடி சக்டனுக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தேன். பயிற்சிக்குப் போய் வரும் வழியில் சந்தை மூலையில் காரை நிறுத்தச் சொல்லி, ஆவி பறக்கும் சாசேஜ் ரோல், அதாவது இறைச்சி வைத்த பஃப், ஒன்றை வாங்கி வருவான். சீட்டெல்லாம் பொருக்கு உதிரும். அந்தப் பொருக்கை நான் இன்னும் துடைக்கவில்லை. இதை முதலில் சொல்வதற்குக் காரணம், எனக்கு அந்தப் பையன்மேல் எந்தப் பகையும் கிடையாது என்பது உங்களுக்கு விளங்க வேண்டும்.

நீங்கள் விசாரிக்க வந்தது தலைச் சோதனையைப் பற்றி மட்டும். ஆனால் அதை மட்டும் சொன்னால், பாதித் துணியை விரித்துக் காட்டி முழு விலை கேட்டதுபோல ஆகும். என் அப்பா ஆர்மிடேஜ் இந்த ஊர்ச் சந்தையில் துண்டும் படுக்கை விரிப்பும் விற்றவர். வாங்க வந்தவரை மடிப்புப் பிரித்துத் தொட்டுப் பார்க்க விடுவார். நானும் பிரித்தே காட்டுகிறேன்.

ரக்பி லீக்கில் ஒன்பதாம் எண்காரன் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்துச் சாய்க்கும் ஒவ்வொரு மடக்குக்குப் பிறகும் குனிந்து பந்தை எடுத்துக் கொடுப்பவன் அவன்தான். அவன் கை படாமல் அணி நகராது. இந்த ஊரில் அந்த எண் என் முதுகில் பதினான்கு வருஷம் இருந்தது. அப்புறம் ப்ரோடி வந்தான். என் முதுகிலிருந்து அவன் முதுகுக்குப் போயிற்று. எனக்கு மாற்று ஆட்டக்காரர் வரிசையில் ஓரிடம். நான் முணுமுணுக்கவில்லை. அவன் என்னை "பெருசு" என்பான். "பெருசு, உன் முழங்கால் சத்தம் ரேடியோவைவிட அதிகமா கேக்குது" என்பான். நான் சிரிப்பேன். அவனுக்குத் தெரியாததையெல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

தலைச் சோதனையையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

பருவம் தொடங்குவதற்கு முன், குளிர்காலத்தில், எல்லோருக்கும் ஒரு சோதனை வைப்பார்கள். திரையில் சில வார்த்தைகள் வரும். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். விளக்கு எரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். பின்னால் ஆட்டத்தில் அடிபட்டால் அதே சோதனையை மறுபடி வைத்து, பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிடுவார்கள். குறைந்திருந்தால் உட்கார வைத்துவிடுவார்கள். ஆகவே எங்களில் பலர் குளிர்காலச் சோதனையை வேண்டுமென்றே கோட்டை விடுவோம். விளக்கு எரிந்ததும் கொஞ்சம் தூங்கிவிட்டு அழுத்துவோம். என் அப்பா, பிற்பாடு குறைப்பதற்காக முதலிலேயே விலையை ஏற்றிச் சொல்வார். நாங்கள் மூளையின் விலையை முதலிலேயே இறக்கிச் சொல்லி வைப்போம். பிறகு எவ்வளவு சேதமானாலும் நஷ்டம் தெரியாது. ப்ரோடிக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. அந்த வருஷம் அணியிலேயே மட்டமான மதிப்பெண் அவனுடையது. காரில் பெருமையடித்துக்கொண்டே வந்தான்.

கோடை முடியும் தறுவாயில் பயிற்சியாளர் மிக் லம்ப் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அடுத்த வருஷத்துக்கு ஒரு ஒன்பதைத்தான் வைத்துக்கொள்ள முடியுமாம். எந்த ஒன்பது என்று நான் கேட்கவில்லை. அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "நீ நல்ல ஆளுதான் டேல். ஆனா கால் போயிடுச்சு. எதுக்கும் ஒரு அடி பிந்துற."

நான் கெஞ்சினேன். சம்பளத்தைப் பாதியாக்குங்கள் என்றேன், சும்மாவே ஆடுகிறேன் என்றேன், மைதானத்துப் புல்லை வெட்டுகிறேன், பெயரை மட்டும் பட்டியலில் விட்டுவையுங்கள் என்றேன். கடைசியில் அழுதேன். பேரம் பேசுகிறவன் அழக் கூடாது, அழுதால் விலை அதலபாதாளத்துக்குப் போய்விடும் என்பது தெரிந்தும் அழுதேன். அவர் எழுந்து ஜன்னலைத் திறந்து வைத்தார். அவ்வளவுதான்.

ஆட்டம் முடிந்துபோனவர்களை நீங்கள் பார்த்ததில்லை. ஒருவன் டயர் கடையில் இருக்கிறான். இன்னொருவன் சங்கத்து மதுக்கூடத்தில் உட்கார்ந்து ஒரே மடக்கை இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். கேட்கிறவர்கள் அவன் முதுகுக்குப் பின்னால் வாயசைக்கிறார்கள். எனக்குக் கடையும் இல்லை. அப்பாவின் இடத்தில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். பந்தைக் குனிந்து எடுப்பதைத் தவிர எனக்கு எந்த வேலையும் தெரியாது. அந்த வாரம் முழுக்க வீட்டுக்குள் போகாமல் காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை பயிற்சியில் ஒருவன் முழங்கை ப்ரோடியின் நெற்றிப்பொட்டில் பட்டது. தற்செயலாகத்தான். அதில் எனக்குப் பங்கில்லை. இல்லாததைத் தலையில் போட்டுக்கொள்ள மாட்டேன். திரும்பி வரும்போது அவன் கையிலிருந்த ரோலைக் கடிக்கவில்லை. "இன்னிக்கு யார் கூட ஆட்டம் பெருசு?" என்றான். ஆட்டம் வெள்ளிக்கிழமை என்றேன். சரி என்றான். கொஞ்ச தூரம் போனதும் அதையே கேட்டான். அவன் தெரு வந்ததும் இறங்காமல், யார் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்பதுபோல என்னைப் பார்த்தான். பிறகு அவனுக்கே உறைத்துவிட்டது.

"டாக்டர்கிட்ட சொல்லிடாத பெருசு" என்றான்.

சொல்லவில்லை. மறுநாள் டாக்டர் ஃபேரர் அவனுக்குச் சோதனை வைத்தார். குளிர்காலத்தில் எடுத்த அதே மதிப்பெண். ஆனாலும் அந்த அம்மாளுக்குத் திருப்தியில்லை. நடைவழியில் என்னை நிறுத்தினார்.

"நீங்கதானே தினமும் கூட்டிட்டு வர்றீங்க. அவன்கிட்ட ஏதாவது வித்தியாசம் தெரியுதா?"

"அவன் எப்பவுமே இப்படித்தான் டாக்டர். பொறந்தப்பவே பாதி மூளையை ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டு வந்தவன்."

அவர் சிரித்துவிட்டு, அவன் ஆடலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவன் இடம்தான் எனக்கு வேண்டுமென்றால் ஒரே ஒரு வார்த்தை போதுமே. அவனை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். வெள்ளிக்கிழமை ஒன்பதாம் எண் என் முதுகுக்கு வந்திருக்கும். நான் சொல்லவில்லையே. இதையே என் நட்புக்கு அத்தாட்சி என்று ப்ரோடியின் அம்மா ட்ரேசி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் மறுக்கவில்லை. ஆனால் சந்தையில் வளர்ந்தவனுக்கு ஒரு கணக்குத் தெரியும். எதிர்க்கடைக்காரன் காய்ச்சலில் படுத்தால் சில வாரம் கதவு சாத்தியிருக்கும். அப்புறம் திறந்துவிடுவான், புதுச் சரக்கோடு. எனக்குச் சில வாரம் போதாது.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. கடைசிக் கால்மணி நேரத்தில் லம்ப் என்னை உள்ளே அனுப்பி, ப்ரோடியை நடுக்காவலுக்கு என் பக்கத்தில் தள்ளினார். பெரிய ஆள் ஓடி வந்தால் இரண்டு பேராகச் சேர்ந்து மடக்குவோம். ஒருவன் மார்பைத் தாங்குவான், மற்றவன் குனிந்து காலைக் கட்டுவான். யார் எது என்று முந்திக் கூப்பிடுகிறவன் தீர்மானிப்பான். "மேல எனக்கு" என்று கூப்பிட்டால் பக்கத்திலிருப்பவன் யோசிக்காமல் தலையைத் தாழ்த்தியாக வேண்டும். தாழ்த்திய பிறகு அவனால் எதையும் பார்க்க முடியாது. மேலே இருப்பவன் வேகத்தை வாங்கிக்கொள்வான் என்ற நம்பிக்கைதான் அவனுக்குக் கண்.

அந்த ஆட்டத்தில் அதுவரை கீழே போனது நான். ஒவ்வொரு முறையும். அவன் தலை அடிபட்ட தலை என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியுமல்லவா. "நன்றி பெருசு" என்று ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்.

அப்போது அவர்களுடைய எட்டாம் எண் மாஃபி பந்தோடு நேராக வந்தான். டோங்கா தீவுக்காரன், பீரோ போல உடம்பு. ப்ரோடி என் பக்கம் லேசாகத் திரும்பினான், நான் கூப்பிடுவேன் என்று.

"மேல எனக்கு" என்றேன்.

அவன் குனிந்தான். நான் போகவில்லை.

ஒரு அடிதான். ஒரு அடி பின்னால் நின்றேன். மாஃபியின் முழங்கால் அவன் தலையில் பட்ட சத்தத்தை மழைச் சத்தத்திலும் நான் கேட்டேன். பிறகு மாஃபியின் இடுப்பைக் கட்டிப் பிடித்து வீழ்த்தினேன். அது நல்ல மடக்கு.

வீடியோவை எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் தெரிவதெல்லாம் கால் போன ஒரு கிழவன், எட்ட முடியாமல் தவிப்பது. லம்ப் என் தோளில் கை வைத்து, "உன் மேல தப்பு சொல்ல மாட்டேன் டேல். நீ பிந்துவன்னு தெரிஞ்சும் இறக்குனது நான்" என்றார். என்னை வெளியே தள்ளப் போதுமாக இருந்த குறைதான் எனக்குச் சாட்சி சொன்னது. அணிக்கு ஒரு ஒன்பது வேண்டியிருந்தது, ஒருவன்தான் மிச்சம். மறு வாரமே அடுத்த வருஷத்து ஒப்பந்தத்தில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்கள்.

மாஃபி ஆஸ்பத்திரிக்கு வந்து நடைவழியில் குலுங்கிக் குலுங்கி அழுதான். உன் தப்பு இல்லை என்று சொல்லித் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ப்ரோடி இருக்கும் பராமரிப்பு விடுதிக்கு வாரம் தவறாமல் போகிறேன். ட்ரேசி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மத்தவன் எல்லாம் மறந்துட்டான்பா, நீ ஒருத்தன்தான் வர்ற" என்பாள். அவனுக்குப் பேச்சு இல்லை. அம்மாவையே அடையாளம் தெரியவில்லை. சாசேஜ் ரோலைப் பிட்டு ஊட்டினால் விழுங்குவான். பொருக்கு உதிரும், நான் துடைத்துவிடுவேன்.

போன வாரம் ட்ரேசி வெளியே போயிருந்தபோது அவன் காதருகில் போய் மெதுவாக, "மேல எனக்கு" என்றேன். அவன் உடனே தலையைத் தாழ்த்தினான்.

மறுபடி சொன்னேன். மறுபடி தாழ்த்தினான்.

நீங்களே சொல்லுங்கள். என்மேல் அவனுக்கு ஒரு துளி வருத்தம் இருந்தால் அப்படிக் குனிவானா?