எட்டடித் திரையும் ஏழு தையலும்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! அலுவல் முடிந்த அலுப்போடும் ஆங்கிலம் படிக்க வரும் மாலை வகுப்பின் மாணவர்களே! மூத்தோரே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடே அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! தையற்காரி ஒருத்தியின் தாழ்மையான வணக்கம்.

அளவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அளவோடு பேசுகிறேன்.

தமிழில் ஓரடியும் அடிதான், நூறடியும் அடிதான். (என்ன சிரிப்பு? பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடியைச் சொல்லவில்லை ஐயா!) ஆங்கிலத்தில் அப்படியா? ஒன்றென்றால் ஃபுட், பலவென்றால் ஃபீட். இதை இந்த வகுப்பில் கற்றுக்கொண்டு கடை முழுக்கச் சொல்லித் திரிந்தவள் என் தங்கை. கடை எங்கள் இருவருக்கும் சொந்தம். வெட்டுவது அவள், தைப்பது நான்.

ஒரு விடுதியிலிருந்து ஆர்டர் வந்தது: 'எய்ட் ஃபுட் கர்ட்டன்'.

"அக்கா, ஃபீட்னு போடல பாரு, ஃபுட்னுதான் போட்டிருக்கு. அப்போ ஓரடி கர்ட்டன், எட்டு வேணும்."

"ஓரடித் திரைய வெச்சு என்னடி பண்ணுவாங்க?"

"சின்ன ஜன்னலா இருக்கும். இலக்கணம் பொய் சொல்லுமா?"

சொல்லாது ஐயா, பொய் சொல்லாது! பாதிதான் சொல்லியிருந்தது. கர்ட்டனுக்கு முன்னால் அடைமொழியாய் நிற்கும்போது எட்டானாலும் ஃபுட்தான் என்ற பாடம் அடுத்த வாரம்தான் வந்தது. அதற்குள் அவள் துணியை எட்டுத் துண்டாக வெட்டிவிட்டாள். விடுதிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

"எனக்கெல்லாம் இங்கிலீஷ் ஒரு கேடா? கடைய நீயே பாத்துக்கோ" என்று கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். எனக்குக் கோபம் வந்தது. துணிக்காகவா? இல்லை தாய்மார்களே! கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போனாளே, அதற்காக!

அவள் கேட்காத பாடத்தை நான் வந்து கேட்டேன். எட்டடி போதும் என்பதற்கு 'எய்ட் ஃபீட் ஆர்' என்று சொல்வதில்லையாம், 'எய்ட் ஃபீட் இஸ் இனஃப்' என்பார்களாம். அடி எட்டு, நீளம் ஒன்று! கேட்டதும் கண் கலங்கிவிட்டது. எட்டையே ஒன்றென்கிறதே இலக்கணம், அக்கா தங்கை நாங்கள் எப்படி இரண்டானோம்?

என் பின்னால் தொங்கும் திரையைப் பாருங்கள். அந்த எட்டுத் துண்டுகள்தான், ஏழு தையல். எட்டடிக்குக் கொஞ்சம் குறையும். ஒன்றாகச் சேர ஒவ்வொரு துண்டும் தையலுக்குள் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறது.

கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்திருப்பவளே! கத்தரிக்கோல் வெச்ச எடத்துலயே இருக்குடி. நான் தொடவே இல்ல. வந்து எடு.

(யாரும் திரும்பாதீர்கள், அவளுக்குக் கூச்சம்.)

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், மணியை அடிக்காத தலைவருக்கும் நன்றி. அட, எழுந்துவிட்டாளே! கதவுப் பக்கமா? இல்லை, மேடைப் பக்கம்! வழி விடுங்கள் தாய்மார்களே, எங்கள் இருவர் சார்பிலும் ஒரே வணக்கம்!