மாஸ்டரிடம் கேட்க வேண்டிய அனுமதி

இரண்டாம் வகுப்போடு நின்று, சொந்த உழைப்பால் கடை வைத்து முன்னுக்கு வந்தவன் நான். ஊருக்கே யோசனை சொல்பவன், அன்று நோர்வூட் பஸ்ஸில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. முன் சீட்டில் தேயிலைத் தோட்டத்து அண்ணனும் தங்கச்சியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"மகளைக் கடைசி பெஞ்சுல வச்சாருன்னு பள்ளிக்கூடத்து மாஸ்டரோட சண்டை போட்டுட்டேன். இனி வீட்டுல நான்தான் பாடம்."

"சட்டம் என்னான்னு கேட்டீங்களாண்ணே? புள்ளைய நிப்பாட்டினா கோர்ட்டுக்கு இழுப்பாங்களாம்."

"என் புள்ள, என் லயத்து வீடு. எவன் கேப்பான்?"

"வீட்டுல படிப்பிக்க அனுமதி வேணுமாம். ஒழுங்கா சொல்லிக் குடுக்கிறீங்களான்னு ஆள் வந்து பாக்குமாம். வாய்ப்பாடு தெரியுமா உங்களுக்கு?"

"அஞ்சு வரைக்கும் தெரியும்."

"உங்க மக பன்னெண்டு வரைக்கும் சொல்றா."

அண்ணன் கனைத்துக்கொண்டார்.

"அனுமதி யாருகிட்ட கேக்கணும்?"

"முதல்ல மாஸ்டர்கிட்டதான்."

அண்ணன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

"நோர்வூட்ல நல்ல வெத்தலை எங்க கிடைக்கும்? மாஸ்டருக்குக் குடுக்கணும்."